ஒல்லிக்கு வால் இல்லை

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மறுபடியும் சிரிப்பு வந்தது. ஒருவர் இருவர் சிரிப்பில்லை. இருபத்துமூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

இலாரியோ சாக்பீஸைக் கீழே வைத்தார். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒன்பது பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இத்தனைக்கும் அவர் அப்போதுதான் தன்னுடைய மிகச் சிறந்த ஜோக்கைச் சொல்லி முடித்திருந்தார்.

"எங்க விட்டேன்?" என்றார்.

"ஒல்லிக்கு வால் இல்லைன்னீங்க சார்" என்றாள் முன்வரிசை எலோதியா. வீடு வீடாகப் போய் முகப்பூச்சும் உதட்டுச் சாயமும் விற்கிறவள்.

"ஏன் இல்லைன்னேன்?"

எலோதியா நோட்டைப் புரட்டினாள். "அமெரிக்காக்காரங்களுக்குக் குண்டாகத் தெரியும், இளைக்கத் தெரியாது. அதனால."

"அது ஜோக்கும்மா."

"அப்படியா சார்? நான் விதின்னு எழுதிக்கிட்டேன்."

பாடம் இதுதான்: இங்கிலீஷில் பெயரடையை வினைச்சொல்லாக்குவது எப்படி. ஸ்பானிஷில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் ஓர் ஒட்டு வரும். இங்கிலீஷில் பின்னால் வரும். "நாம முன்னால கொம்பு வைக்கிறோம், அவங்க பின்னால வால் வைக்கிறாங்க" என்று இலாரியோ இருபத்தொரு வருஷமாகச் சொல்லி வருகிறார். 'வைட்' என்றால் அகலம். வால் வைத்தால் 'வைடன்', அகலப்படுத்து. 'ஸ்வீட்' என்றால் இனிப்பு, 'ஸ்வீட்டன்' என்றால் இனிப்பாக்கு. 'ஃபேட்' என்றால் குண்டு, 'ஃபேட்டன்' என்றால் கொழுக்க வை. இந்த வரிசையில் எல்லோரும் 'தின்' என்கிற ஒல்லிக்கும் ஒரு வாலை ஒட்டப் பார்ப்பார்கள். அங்கேதான் அவருடைய ஜோக் காத்திருக்கும்.

ஜோக் நல்ல ஜோக்தான். ஆனால் அவர் வகுப்பில் யாராவது தப்பித் தவறிச் சிரித்துவிட்டால், உடனே சாக்பீஸைச் சிரித்த ஆள் பக்கம் நீட்டி, "எழுந்திரு, அடுத்த சொல்லுக்கு வால் வை" என்பார். சிரிக்கிறவன் கவனமாக இருக்கிறான், கவனமாக இருக்கிறவனிடம்தானே கேட்க வேண்டும் என்பது அவர் நியாயம். அதனால் சிரிப்பை அடக்கிக்கொள்வதில் அந்த ஒன்பது பேரும் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள்.

பக்கத்து வகுப்புக்கு அந்தப் பயம் கிடையாது. அது நயேலி டீச்சரின் வகுப்பு.

பூவெப்லா நகரின் மேற்கு ஏழாம் தெருவில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த இன்ஸ்டிடியூட். ஒரு பெரிய கூடத்தை நடுவில் ஜிப்சம் பலகை வைத்துத் தடுத்து இரண்டு வகுப்பாக்கியிருந்தார்கள். ஐந்து மணி வகுப்புக்குக் கார் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், ஓட்டல் வரவேற்பில் நிற்கிறவர்கள், டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் மாடிப்படியில் இரண்டாகப் பிரிவார்கள். பிப்ரவரி வரைக்கும் பாதி பாதியாகத்தான் பிரிந்தார்கள். அந்த மாதம் நயேலி வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தாறு வயது. சைக்கிளில் வருவாள். யார் தப்பாகச் சொன்னாலும், "பரவாயில்ல, நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்" என்பாள். பிறகு படிக்கட்டில் ஜனம் பாதி பாதியாகப் பிரியவில்லை.

இலாரியோவுக்குப் பொறாமை. வேறு நல்ல பெயர் வைத்து அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. காலையில் காப்பி குடிக்கும்போதே அது நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பொறாமைக்கு இப்போது கெடுவும் வந்துவிட்டது. டைரக்டர் ஒதிலியா அம்மாள் அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டியிருந்தாள். ஆகஸ்டிலிருந்து இடைநிலை வகுப்பு ஒன்றே ஒன்றுதான். ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை மாணவர்கள் எல்லோரும் ஒரு பாரத்தில் தங்களுக்கு எந்த ஆசிரியர் வேண்டும் என்று எழுதிப் போட வேண்டும். தோற்கிற ஆசிரியருக்குச் சனிக்கிழமைச் சிறுவர் வகுப்பு. முப்பது பிள்ளைகள், ஆறு வயதிலிருந்து ஒன்பது வரை. மூன்று வருஷமாக அந்த வகுப்புக்கு எந்த ஆசிரியரும் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. கடைசியாகப் போனவர் தன் ஷூவைக்கூடத் தேடி எடுக்காமல் போய்விட்டார் என்று பேச்சு.

இலாரியோ சும்மா இருந்துவிடவில்லை. மார்ச்சிலேயே முதல் காரியத்தைச் செய்துவிட்டார்.

இன்ஸ்டிடியூட்டுக்கு இருந்தது ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். பாடப்புத்தகத்தோடு வந்த கேசட்டுகளைப் போட்டுக் காதுப் பயிற்சி கொடுப்பதற்கு. இலாரியோ அதைத் தொட்டதே இல்லை. தன் குரல் இருக்கும்போது கேசட் எதற்கு என்பது அவர் கட்சி. நயேலிக்கோ செவ்வாய்க்கும் வியாழனுக்கும் அது இல்லாமல் முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கதவைத் தட்டினாள்.

"சார், டேப் ரெக்கார்டர் உங்க அலமாரியில இருக்குன்னாங்க."

"இருக்கு. ரிப்பேர்."

"என்ன ரிப்பேர் சார்? என் தம்பி இதெல்லாம் பார்ப்பான்."

"அதெல்லாம் வெளியாள் கை வைக்கக் கூடாது. டைரக்டர் அம்மாகிட்ட எழுதிக் கொடுத்திருக்கேன்."

எழுதியும் கொடுக்கவில்லை, ரிப்பேரும் இல்லை. அவள் போனதும் அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். கேசட் இல்லாமல் தத்தளிப்பாள், ஒரு மாதத்தில் அவள் ஆட்கள் எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். ஒருவரும் வரவில்லை. மாறாக, அடுத்த வாரமே சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சிரிப்பு ஆரம்பித்தது.

அதிலும் ஒரு விஷமம் இருந்தது. மற்ற நேரங்களில் அந்தப் பக்கம் அமைதியாகத்தான் இருக்கும். இவர் ஜோக் சொல்லி முடித்த மறுநொடி, வேண்டுமென்றே குறிபார்த்து அடித்தது மாதிரி, குபீரென்று கிளம்பும். தன் ஜோக்கை அமுக்குவதற்காகவே அவள் அந்த நேரம் பார்த்துச் சிரிப்பு மூட்டுகிறாள் என்பதில் இலாரியோவுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி அம்பாரோவிடம் கொட்டித் தீர்த்தார். அம்பாரோ சோளரொட்டியைக் கல்லில் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"அவங்க வகுப்புல அவங்க சிரிக்கிறாங்க. உங்களுக்கு எங்க வலிக்குது?"

"என் ஜோக்கு அமுங்கிப்போகுது. பசங்களுக்கு என் குரல் கேக்கறதில்ல."

"குரல் கேக்கலைன்னா கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. வீட்டுல பேசற மாதிரி."

யோசனை அவருக்குப் பிடித்திருந்தது. மறுநாளிலிருந்து தொண்டையைத் திறந்துவிட்டார். புது ஜோக்குகளும் தயார் செய்தார். மச்சான் சூச்சோவின் கால்சட்டையை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் 'வைடன்' செய்கிற கதை. மாமியார் காப்பியை 'ஸ்வீட்டன்' செய்யப் போய் உப்பைக் கொட்டின கதை. மெதுவைக் குறிக்கும் 'ஸ்லோ'வுக்கும் ஏன் வால் இல்லை என்றால், அமெரிக்காக்காரர்களுக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது என்பது இன்னொன்று. எல்லாவற்றையும் கீழே செருப்புக் கடைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். அவருடைய ஒன்பது பேரும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. சூச்சோவின் கால்சட்டை கிழிகிற இடத்தில் மேஜையைத் தட்டிக்கூடச் சிரித்தார்கள்.

மே பதினைந்து, ஆசிரியர் தினம் வந்தது. நயேலியின் மேஜையில் மூன்று கேக், ஒரு கூடைப் பழம், அவள் பெயர் பின்னிய கைக்குட்டைகள். இலாரியோவின் மேஜையில் ஒன்பது பேரும் சேர்ந்து வாங்கிய ஒரு பீங்கான் கோப்பை. உலகத்தின் சிறந்த ஆசிரியர் என்று எழுதியிருந்தது. கைப்பிடி உடைந்து பசை போட்டு ஒட்டியிருந்தது.

கோப்பைக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டலமும் இருந்தது. பெயர் இல்லை. பிரித்தார். ஒரு பாட்டில் தேன், ஒரு பெட்டி தொண்டை மிட்டாய்.

"யார் வச்சது இதை?" என்று கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் டான் சோனைக் கேட்டார். டான் சோன் பெருக்குவார், பல்பு மாற்றுவார், கதவுக்கு எண்ணெய் விடுவார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்.

"பக்கத்து வகுப்புலேர்ந்து சார்."

இலாரியோவின் முகம் சிவந்தது. தொண்டை கிழியக் கத்துகிறாய் கிழவா என்று குத்திக் காட்டுகிறார்களாம். தேன் பாட்டிலை அப்படியே குப்பைக்கூடையில் போட்டார். பிறகு, நல்ல தேனாக இருக்கிறதே என்று எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அம்பாரோ இரண்டு வாரம் அதை அப்பத்தில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "யாரோ நல்ல மனுஷங்க" என்றாள். அந்த ஒவ்வொரு அப்பமும் அவருக்குத் தொண்டையில் சிக்கிற்று.

இது போதாதென்று, நயேலியின் மாணவர்கள் அவரைப் படிக்கட்டில் பார்த்தால் ஒதுங்கி வழிவிட ஆரம்பித்தார்கள். ஒரு டாக்ஸிக்காரன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து வணக்கம் சொன்னான். சாவு ஊர்வலம் போகும்போதுதான் அப்படித் தொப்பி கழற்றுவார்கள். என் வேலை போகப் போகிறதென்று இவனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது என்று இலாரியோ நினைத்துக்கொண்டார்.

அந்த வகுப்பில் அப்படி என்னதான் நடக்கிறது? தெரிந்தாக வேண்டும். எலோதியாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எலோதியா, நாளைக்கு ஒருநாள் அந்த வகுப்புல போய் உக்காந்துட்டு வா. மாறலாம்னு பார்க்கறேன், ஒருநாள் பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லு. என்ன சொல்லித் தராங்க, எதுக்குச் சிரிக்கிறாங்க, எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வரணும்."

"உளவு பார்க்கச் சொல்றீங்களா சார்?"

"உளவெல்லாம் இல்ல. ஒப்பிட்டுப் பார்க்கறது."

எலோதியா போனாள். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் வழக்கமான சிரிப்பில் புதிதாக ஒரு கீச்சுக்குரலும் சேர்ந்திருந்தது. அது எலோதியாவின் குரல் என்று இலாரியோவுக்குப் பட்டது. ஆனால் எலோதியா சிரித்து அவர் கேட்டதே இல்லையாதலால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

வகுப்பு முடிந்து வாசலில் பிடித்துக்கொண்டார்.

"என்ன நடக்குது அங்க?"

எலோதியா செருப்பைப் பார்த்தாள். "சொல்ல முடியாது சார்."

"ஏன் முடியாது?"

"குவாதலூப்பே மாதா மேல சத்தியம் வாங்கிட்டாங்க. எல்லாரும் பண்ணியிருக்காங்களாம். முக்கியமா உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதாம்."

"என்கிட்டயா? என்கிட்ட மட்டுமா?"

"உங்ககிட்ட மட்டும்தான் சார்."

இலாரியோ இன்னும் நெருங்கி நின்றார். "சரி, சத்தியம் இருக்கட்டும். நீ எழுதினதையாவது காட்டு."

"நோட்டை அங்கயே வச்சுட்டு வந்துட்டேன் சார். நாளைக்கும் அங்கதானே உக்காரப் போறேன், எதுக்குத் தூக்கிட்டு அலையணும்னு." பிறகு, அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்க சார். அங்க உக்காந்தா பாடம் நல்லாப் புரியுது."

ஒன்பது எட்டாயிற்று. இருபத்துமூன்று இருபத்துநான்காயிற்று. தன் கையாலேயே ஓர் ஆளை அனுப்பிவைத்த வயிற்றெரிச்சலில் இலாரியோ அன்று பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினார்.

ஜூன் பாதியாயிற்று. இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. முதலிலேயே தோன்றியிருக்க வேண்டிய யோசனை. அந்தச் சிரிப்பை நிறுத்த முடியாவிட்டால், இந்தப் பக்கம் வராமலாவது செய்யலாம். தன் எட்டுப் பேரும் நிம்மதியாகத் தன் குரலைக் கேட்கட்டும். கேட்டால் சிரிப்பார்கள். சிரித்தால் பாரத்தில் தன் பெயரை எழுதுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் நாலு பேருக்குப் புத்தி வராமலா போகும்?

ஒதிலியா அம்மாளிடம் போனார். "சத்தம் தாங்கலம்மா. சுவரை அடைக்கணும்."

"ரெண்டு வாரத்துக்கு எதுக்கு சார் அந்தச் செலவெல்லாம்?"

"என் வீட்டுலேர்ந்தே சாமான் கொண்டுவரேன். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

அவள் சரியென்றாள். இலாரியோ வீட்டுக்குப் போய் விருந்தாளி அறையில் இருந்த பஞ்சு மெத்தையை நெடுக்காக வெட்டினார். பாதி வெட்டியிருக்கும்போது அம்பாரோ வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"சுவருக்கு."

"சுவருக்கு மெத்தையா? எங்கம்மா வந்தா எதுல படுப்பாங்க?"

இலாரியோ கத்தரிக்கோலை நிறுத்தி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு இன்னும் உற்சாகமாக வெட்டினார். அம்பாரோ மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

சனிக்கிழமை முழுக்க அவரும் டான் சோனுமாக வேலை செய்தார்கள். சுவர் முழுக்க மெத்தைப் பஞ்சை அடித்தார்கள். அதன்மேல் சந்தையிலிருந்து சுமந்து வந்த முட்டை அட்டைகள், அதற்கும் மேலே பழைய கம்பளி. டான் சோன் வாயில் ஆணிகளை வைத்துக்கொண்டு ஒருதரம் எதையோ சொல்ல வந்தார்.

"சார், இதை அடைச்சா அந்தப் பக்கம்..."

"அந்தப் பக்கத்தைப் பத்தித்தான் டான் சோன் நானும் நினைச்சிட்டிருக்கேன். அடிங்க."

டான் சோன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர். இவர் எதையும் கேட்கவில்லை. அவரும் ஆணியை அடித்தார்.

திங்கட்கிழமை பரம நிசப்தம். இலாரியோ ஒல்லிக்கு வால் இல்லை என்று ஆரம்பித்து, அமெரிக்காக்காரர்களுக்குக் குண்டாகத் தெரியும் என்று சொல்லி, ஒரு கணம் நிறுத்தி, இளைக்கத் தெரியாது என்று முடித்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எட்டுப் பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒருவன் லேசாக உதட்டை அசைத்தான்.

"நீ எழுந்திரு" என்றார் இலாரியோ சந்தோஷமாக. "'டார்க்'குக்கு வால் வை."

அவன் உதட்டை மூடிக்கொண்டான். அன்றைக்கு முழுக்க வேறு யாரும் உதட்டை அசைக்கவில்லை. வகுப்பு என்னவோ வழக்கத்தைவிட நீளமாக இருந்ததுபோல் அவருக்கே தோன்றியது. ஜோக் சொன்ன பிறகு அந்த ஒரு நொடி காதைத் தீட்டிக்கொண்டு எதற்கோ காத்திருக்கிறோம் என்பதும் தெரிந்தது. எதற்கு என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு பெரிதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நயேலி படிக்கட்டில் எதிரே வந்தாள். கண் கலங்கியிருந்தது. "சார், ஒரு நிமிஷம் உங்ககிட்ட பேசணும்" என்றாள்.

"வகுப்புக்கு நேரமாச்சு" என்று இலாரியோ மேலே ஏறிவிட்டார். அவள் அழுதிருக்கிறாள் என்பது அவருக்கு ஐந்து மாதத்தில் கிடைத்த முதல் ஆறுதல்.

ஆறுதல் வியாழன்வரை நீடித்தது. வியாழன் நாலே முக்காலுக்கு அவர் வந்தபோது ஒதிலியா அம்மாளின் அறை வாசலில் கூட்டம். நயேலியின் இருபத்துநான்கு பேரும் நின்றார்கள். தொப்பி கழற்றின டாக்ஸிக்காரன் கையில் ஒரு நீளக் காகிதம். அதில் வரிசையாகக் கையெழுத்துகள். முதல் கையெழுத்து நயேலியுடையது என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. எலோதியா இவரைப் பார்த்ததும் டாக்ஸிக்காரன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். உள்ளேயிருந்து ஒதிலியா அம்மாளின் குரல் கேட்டது: "சுவரை அடைச்சது இலாரியோ சார்தானே?"

"அவர்தான்" என்றது கூட்டம் ஒரே குரலில்.

இலாரியோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன்மேல் புகார். சுவரை அடைத்தார், டேப் ரெக்கார்டரை ஒளித்தார், தேனை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லவில்லை, எல்லாம் அதில் இருக்கும். நாளைக்குப் பாரத்தைப் பிரித்து, இருபத்துநான்குக்கு எட்டு என்று எல்லோர் முன்னாலும் உரக்கப் படிப்பார்கள். எட்டுகூட நிச்சயமில்லை. இருபத்தொரு வருஷம் நின்ற இடத்தில் அப்படி நிற்க அவரால் முடியாது. தோற்கடிக்கப்படுவதைவிடத் தானே விலகிக்கொள்வது கௌரவம் என்று முடிவு செய்து, தன் வகுப்பறைக்குப் போய், புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்து நாலு வரி எழுதினார்.

கூட்டம் கலைந்ததும் போய் மேஜைமேல் வைத்தார். ஒதிலியா அம்மாள் இன்னமும் அந்த நீளக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன். இப்பத்தான் அந்தப் பிள்ளைங்க வந்து..."

"எல்லாம் தெரியும்மா. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். இதைப் படிங்க."

அவள் படித்தாள். இடைநிலை வகுப்பை நயேலிக்கே மனமுவந்து விட்டுக்கொடுப்பதாகவும், தனக்குச் சனிக்கிழமைச் சிறுவர் வகுப்பே போதும் என்றும் அதில் இருந்தது. மனமுவந்து என்பதை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தார்.

"நாளைக்குப் பாரத்தைப் பிரிக்கற வரைக்கும் பொறுத்துக்கலாமே சார். நான் என்ன சொல்ல வரேன்னா..."

"வேண்டாம்மா. இந்த வயசுல எனக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம்."

"சிறுவர் வகுப்பு. நல்லா யோசிச்சுத்தான் எழுதியிருக்கீங்களா?"

"நல்லா யோசிச்சு."

மூன்று வருஷமாக அந்த வகுப்பிலிருந்து ஆள் ஓடிப்போகும்போதெல்லாம் சனிக்கிழமை தானே போய் நின்றுகொண்டிருந்தவள் ஒதிலியா அம்மாள். ஒருதரம் அந்தக் கடிதத்தைப் பார்த்தாள், ஒருதரம் நீளக் காகிதத்தைப் பார்த்தாள். மனச்சாட்சியோடு அவள் போராடியதெல்லாம் பேனா மூடியைக் கழற்றுகிற நேரம்தான். மூன்று பிரதி எடுத்து, மூன்றிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி, ஒன்றை அவரிடம் கொடுத்தாள்.

"கடவுள் உங்களை நல்லா வைக்கட்டும் சார்" என்றாள். அது மட்டும் மனதாரச் சொன்னது.

இலாரியோ தலையை நிமிர்த்திக்கொண்டு வகுப்பறைக்குத் திரும்பினார். தோற்காமல் வெளியேறியவனின் நடை அது. நெஞ்சில் ஐந்து மாதமாக உட்கார்ந்திருந்தது சற்றே நகர்ந்துகொண்டதுபோல் இருந்தது. கதவைத் திறந்தால், டான் சோன் ஏணிமேல் நின்று கம்பளியைப் பிரித்துக்கொண்டிருந்தார். முட்டை அட்டைகள் தரையெங்கும் கிடந்தன. அம்பாரோவின் மெத்தைப் பஞ்சு பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன டான் சோன் இது? அடிச்சு ஒரு வாரம்கூட ஆகல."

"டைரக்டர் அம்மா பிரிக்கச் சொல்லிட்டாங்க சார். அந்த வகுப்பு மொத்தமும் கையெழுத்துப் போட்டுக் கேட்டிருக்கு."

"எதுக்காம்? காத்து வரலையாமா?"

"பாடம் கேக்கலையாம்."

"பாடமா? அவங்க டீச்சர் அந்தப் பக்கம்தானே நிக்கிறாங்க?"

டான் சோன் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கேட்டதற்குப் பதில் சொல்கிறவர் அவர். இப்போது கேட்டாயிற்று.

"நீங்க டேப் ரெக்கார்டரைப் பூட்டி வச்ச நாள்லேர்ந்து, அந்த வகுப்புக்கு டேப் ரெக்கார்டரே நீங்கதானே சார்."